பூனைக்கு ஏது வெள்ளிக்கிழமை

பூனை நடந்தால் சத்தம் கேட்கக் கூடாது, அதுதானே பூனைக்கு அழகு, இது ஏன் டக் டக்கென்று நடக்கிறது என்று திலகவதிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆடி வெள்ளிக்கு வைத்த பாயசத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே குடித்துவிட்டு, ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே, வெறும் டைல்ஸ் தரையில், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். காது தரையோடு ஒட்டியிருந்ததால் சத்தம் நேராக மண்டைக்குள் வந்தது. டக், டக், டக், பிறகு ஓர் இடைவெளி, மறுபடி டக், டக், டக். நாலு கால் உள்ள பிராணிக்கு மூன்று டக் எதற்கு? கணக்கு உதைத்தது. அது சோபாவுக்கு அடியிலிருந்து கிளம்பிச் சமையலறைப் பக்கம் போய், தண்ணீர்க் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு, குடிக்காமலே திரும்பி வந்தது. தம்பி மனைவி பவானியின் பூனை. வெள்ளை உடம்பில் மஞ்சள் பொட்டுப் பொட்டாக இருப்பதால் பூந்தி என்று பேர். தின்கிற பண்டத்தின் பேரைச் சொல்லி ஒரு ஜீவனைக் கூப்பிடத் திலகவதிக்குக் கூச்சம், அதனால் அவளுக்கு அது எப்போதும் "ஏய்" அல்லது "அது". அது இன்றைக்கு நாலு மணிக்குப் போகப்போகிறது. போகப்போகிற பூனையின் நடையில் எத்தனை டக் இருந்தால் உனக்கென்ன, கண்ணை மூடித் தூங்கு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கண்ணை மூடினால் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

போவதற்குக் காரணம் தம்பி குணசேகரனின் கால். அவனுக்குச் சர்க்கரை. போன வாரம் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனை அது பிறாண்டிவிட்டது, வலது காலில், பெருவிரலுக்குக் கொஞ்சம் மேலே, நீளமாகக் கோடு. கோடுதான், காயம் என்று சொல்லவே யோசிக்க வேண்டும், ஆனால் சர்க்கரைக்காரனுக்குக் கோடு போதும். எதிர் பிளாக்கில் ஒருவருக்குச் செருப்புக் கடித்ததில் ஆரம்பித்து விரலையே எடுக்கும்படி ஆன கதையை அவன் தினம் ஒரு தடவை சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டான். அன்றைக்கு ரத்தத்தைப் பார்த்ததும் திலகவதி ஓடிப்போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளி அப்பினாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது, அரிவாள்மணை வெட்டினாலும் சரி, தகரம் கிழித்தாலும் சரி, காப்பித்தூள். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், சின்னப் பெண், அந்தத் தூளைத் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டே, "காயத்துக்கு ஏம்மா டிகாஷன் போடுறீங்க?" என்று கேட்டது. "சோப்பு, குழாய்த் தண்ணி. நல்லா நேரம் எடுத்துக் கழுவணும். வீட்டுல அவ்வளவுதான் செய்யணும், மீதிய எங்ககிட்ட விட்டுருங்க." திலகவதிக்கு முகம் சுண்டிப்போனது. ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், ஆனாலும் கோட்டின் ஒரு முனை மட்டும் இன்னும் சிவந்தே இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் குணசேகரன் முடிவுக்கு வந்தான். லால்குடிப் பக்கம் அவன் சிநேகிதர் ஒருவருக்கு அரிசி மில் இருக்கிறது, அங்கே எலி இருக்கிறது, இங்கே பூனை இருக்கிறது, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மில் ஆள் வந்து எடுத்துப்போவான், தீர்ந்தது விவகாரம். "மில்லுல எலி புடிச்சுத் தின்னுக்கிட்டு ராஜா மாதிரி கெடக்கும்" என்றான். பல்லியைக் கண்டாலே பீரோ மேல் ஏறிக்கொள்கிற ராஜா. பவானி எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "அவரு காலுக்கு ஆகாதுன்னா வேணாம் அண்ணி" என்று திலகவதியைப் பார்த்துச் சொன்னாள், ஏதோ கேட்டது திலகவதி போல. இன்று காலை தீனிக் கிண்ணத்தைக் கோபுரமாக நிரப்பி வைத்துவிட்டு, பூனையின் பக்கம் திரும்பாமலே, வீங்கின கண்ணோடு வேலைக்குப் போய்விட்டாள். துணிக்கடையில் பில் போடுகிற வேலை, ஆடித் தள்ளுபடி முடிகிற வரைக்கும் லீவு என்ற பேச்சே கிடையாது.

மற்ற மாதங்களில் பவானிக்கு வெள்ளிக்கிழமை லீவு. சனி ஞாயிறில் கடையில் கூட்டம் நெரிபடும் என்பதால் அப்படி. நகவெட்டி வாங்கிவந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை பவானி துண்டும் கையுமாகப் பூனையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும், நகவெட்டியைப் பார்த்த திலகவதி, "இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா" என்றாள். "பூனைக்குத்தான் அண்ணி." "யாருக்கா இருந்தா என்ன, வெட்டுறது இந்த வீட்டுக்குள்ளதானே. வெள்ளி செவ்வாய்ல நகம் வெட்டுனா வீட்டுல லட்சுமி தங்கமாட்டான்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க." பவானி பூனையை இறக்கிவிட்டாள். மற்ற நாட்களில் அவள் கடையிலிருந்து வருவதற்குள் விளக்கு வைத்தாகிவிடும், விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டக் கூடாது, அதையும் பெரியவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். காலையில் அவளுக்குத் தரையில் கால் பாவாது. யோசித்துப் பார்த்தால், இப்போது காது தரையில் ஒட்டியிருக்கும்போது யோசித்துப் பார்த்தால், அந்தப் பூனைக்கு நகம் வெட்டுவதற்கென்று வாரத்தில் ஒரு பொழுதைக்கூடத் திலகவதி விட்டுவைக்கவில்லை. நகவெட்டி குளிர்சாதனப் பெட்டியின் மேல் அட்டை பிரிக்காமல் இருக்கிறது. சும்மா இரு, சாஸ்திரத்தை நீயா எழுதினாய், ஆளுக்கு ஆள் சொன்னதைத்தானே சொன்னாய். அதுவும் சரிதான். அவள் எப்போதும் பிறர் சொன்னதைத்தான் சொல்லுவாள். ரசத்தில் உப்புக் குறைவென்றால்கூட "தம்பிக்குப் பத்தாது" என்பாளே தவிர "எனக்குப் பத்தவில்லை" என்று சொன்னதில்லை. கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டில் இருக்கிறவள், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலையும் முடிந்துபோனவள், எனக்கு என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது? பெரியவர்கள் நல்லவர்கள், எல்லாரும் செத்துப்போய்விட்டதால் சாட்சிக்குக் கூப்பிட்டால் மறுக்க மாட்டார்கள்.

டக், டக், டக். இடைவெளி. அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? திலகவதி கண்ணைத் திறந்தாள். தரைமட்டத்திலிருந்து பார்க்கையில் பூனையின் முகம் தெரியவில்லை, கால்கள் மட்டும் தெரிந்தன, இத்தனை நாளில் அவள் அதன் கால்களைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னங்காலில் ஒன்று தரையில் படுவதற்கு முன்பே மடங்கி மேலே போனது. பட்டும் படாமலும் வைத்து எடுத்தது. அட, இது நொண்டுகிறது. எப்போதிலிருந்து நொண்டுகிறது? முள்ளா? வீட்டுக்குள் ஏது முள். கண்ணாடிச் சில்லா? போன மாதம் உடைந்த டம்ளரின் சில்லு எங்கேயாவது கிடந்ததா? டம்ளரை உடைத்தது அவள்தான், அதையும் யாரிடமும் சொல்லவில்லை. சில்லு என்றால் ரத்தம் வந்திருக்கும். மனசு ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்தது, உடம்பு பின்னால் எழுந்தது. பூனை சோபாவுக்கு அடியில் போய்விட்டது. திலகவதி இத்தனை வயதுக்கு மேல், ஆடி வெள்ளியும் அதுவுமாக, குப்புறப் படுத்துச் சோபாவுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள், இந்நேரம் எவளாவது பிரசாதம் கொண்டுவந்து கதவைத் தட்டினால் என்ன நினைப்பாள் என்ற கவலை ஒரு பக்கம் இருந்தாலும் பார்த்தாள். பூனை அந்த ஒரு காலை நக்கிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தை, மறுபடி மறுபடி. "ஏய், காட்டு" என்றாள். அது காட்டவில்லை.

துண்டை எடுத்துவந்தாள். பவானி துண்டில் சுற்றித்தான் பிடிப்பாள், தலை மட்டும் வெளியே தெரியும்படி. திலகவதி சுற்றினாள், அது எண்ணெய் தேய்த்த பிள்ளை போல வழுக்கிக்கொண்டு துண்டை மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று. மறுபடி சுற்றினாள், மறுபடி துண்டுதான் கிடைத்தது. பிடிக்கப் போனால் பிடிபடாது. இது அவளுக்குத் தெரிந்த பாடம்தான், தையல் வகுப்பில் விரலில் ஊசியைக் குத்திக்கொண்ட பெண் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள், கிட்டே போனால் இன்னும் சுவரோடு ஒட்டுவாள், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது தைத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் கை தானாக முன்னால் வரும். எத்தனை பெண்களின் எத்தனை விரல்கள். ஒரு பெண்ணின் முகமும் இப்போது நினைவில்லை, விரல்கள் நினைவிருக்கின்றன. அவள் குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து நகவெட்டியை எடுத்து, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, பழைய கைத்தறிப் புடவை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, பூனை பக்கம் பார்க்காமல் அட்டையைப் பிரித்தாள். அட்டையின் பின்பக்கம் ஒரு படம் இருந்தது. கொக்கி மாதிரி வளைந்த நகம், அதற்குள் அடிப்பாகத்திலிருந்து பாதி தூரம் வரைக்கும் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, அதற்கு அப்பால் வெள்ளை, வெள்ளையில் ஒரு புள்ளிக்கோடு, இங்கே வெட்டவும் என்று. ரோஜா நிறம் ரத்தமாம். நகத்துக்குள் ரத்தம் ஓடுமா என்ன? அவள் தன் சுண்டுவிரல் நகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நம்முடையது ஏதோ தகடு, அதனுடையது உயிர் போலிருக்கிறது. அப்படியானால் அதற்கு நகம் வெட்டுவதும் நமக்கு வெட்டுவதும் ஒன்றா? ஒன்றில்லை என்றால் வெள்ளிக்கிழமை மட்டும் எப்படி ஒன்றாகும்? இந்தக் கேள்வியை அவள் மெல்ல ஓரமாகத் தள்ளிவைத்தாள், சில கேள்விகளைக் கோலமாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். அதற்குள் மடியில் கனம் தெரிந்தது. வந்துவிட்டது. வந்து, சுற்றி, புடவையைக் காலால் பிசைந்து பார்த்து, உட்கார்ந்துவிட்டது. திலகவதி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

இத்தனை சூடாக இருக்குமா பூனை? பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள், பஞ்சுக்குள் எலும்பும் அதற்குள் ஏதோ மோட்டார் ஓடுவதும் தெரிந்தது. தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள், தோளிலிருந்து காலுக்கு வந்தாள். பாதத்தை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தியதும், உள்ளே எங்கேயோ இருந்த நகம் வெளியே வந்தது. விட்டதும் பாதி உள்ளே போனது. மறுபடி அழுத்தினாள். வந்தது. விட்டாள். போனது. அடேயப்பா, என்ன வசதி, வேண்டாதபோது உள்ளே, வேண்டும்போது வெளியே, இந்த ஏற்பாடு மனிதர்களுக்கு நாக்கில் இருந்திருந்தால் எவ்வளவு குடும்பம் பிழைத்திருக்கும். தனக்கு எப்படி இருக்கிறது? தனக்கு நகம் எப்போதும் உள்ளேதான், வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே வரும். இப்படி நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பின் கடைசியில் என்னவோ போலவும் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படத்தில் போட்டிருந்தது போலவே, நகத்துக்குள் ரோஜா நிறம், நூலிழை அளவு. உயிரின் எல்லை அங்கே முடிகிறது, அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பது வெறும் நீட்டல். இந்த நீட்டல்தான் தரையில் டக் டக். அப்படியானால் நொண்டுவது எதனால்? அந்த ஒரு காலைத் தொடப்போனாள். அது இழுத்துக்கொண்டது. விட்டாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் கூழ் ஊற்றுகிற நேரத்தை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி, பார்க்காமலே, விரலை அந்தக் காலடியில் கொடுத்தாள். தட்டுப்பட்டது.

பூனைக்குக் கட்டைவிரல் உண்டா? உண்டு. மற்ற விரல்களுக்கு மேலே, மணிக்கட்டை ஒட்டி, உள்பக்கமாக, ஒளிந்துகொண்டிருக்கிறது. தரையில் படாத விரல், தரையில் படாததால் தேயாத நகம், தேயாததால் அது வளர்ந்து, வளைந்து, மோதிரம் போல வட்டமடித்துத் தன் சதையையே முட்டிக்கொண்டிருந்தது. முனை அழுந்திய இடத்தில் சதை சிவந்து குழிவிழுந்திருந்தது. இன்னும் துளைக்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் துளைத்திருக்கும். திலகவதிக்கு உள்ளங்கை கூசியது. கடவுளே, இதை வைத்துக்கொண்டா நடந்துகொண்டிருந்தது? அப்போதுதான், யாரும் கூப்பிடாமலே, போன வார ஞாயிற்றுக்கிழமை வந்து எதிரே நின்றது. குணசேகரன் பேப்பரைப் புரட்டினான். காலை மாற்றிப் போட்டான். குதிகாலை ஊன்றினான். தரையில் படுத்திருந்த பூனையின் முன்னங்கால் மேல் ஊன்றினான், அவள் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள், அது கத்தியதையும் கேட்டாள், கத்திய பிறகுதான் பிறாண்டியது. முதலில் கத்தல், பிறகு பிறாண்டல். எல்லாரும் "சும்மா இருக்கும்போதே பாஞ்சுருச்சு" என்றார்கள், அவளும் ஆமாம் என்றாள், காப்பித்தூள் எடுக்க ஓடிய அவசரத்தில் கத்தல் எங்கேயோ விழுந்துவிட்டது. எந்தக் கால்? இந்தக் கால்தான். சந்தேகமே இல்லை. குத்திக்கொண்டிருக்கிற நகத்தின் மேல் ஓர் ஆள் ஏறி நின்றால் அவளாக இருந்தாலும் பிறாண்டியிருப்பாள். தம்பி காலில் இருக்கிற கோட்டைப் போட்டது யார்? நூல் பிடித்துக்கொண்டே போனால் அந்த நூல் தன் முந்தானையில் வந்து முடிந்தது. வெட்டவந்த பவானியை வாரா வாரம் எழுப்பிவிட்டது யார்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே பழி வண்டியில் ஏறி லால்குடிக்குப் போகப்போகிறது, பாவம் சுவரில் சாய்ந்துகொண்டு பாயசம் செரிக்கக் காத்திருக்கிறது.

அப்போது பயமும் வந்தது, சாதாரணப் பயம் இல்லை, பழைய பயம். உபயோகம் இல்லாததை, தொந்தரவு கொடுப்பதை, இன்னோர் இடத்தில் விட்டுவிட்டால் அதுபாட்டுக்குக் கிடக்கும் என்று இந்த வீட்டில் சொல்லியாகிவிட்டது. அடுத்தது யார்? தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. நல்லவன், மருந்துக் கடைக்குப் போனால் அவளுக்கு முட்டிவலித் தைலம் வாங்காமல் வரமாட்டான். ஆனால் பூனைக்கும் அவன்தானே தீனி வாங்கிவந்தான். இந்த நினைப்பு வந்தால் ஆணியில் மாட்டின துணி மாதிரி அங்கேயே நின்றுவிடும், எவ்வளவு இழுத்தாலும் வராது, இழுத்தால் கிழியும். அதனால்தானே எதையும் இழுக்காமல் இருந்தாள். பூனை மடியில் கொட்டாவி விட்டது. வாய்க்குள் இத்தனை பல்லா, பல்லுக்கும் நாள் கிழமை பார்த்தால் இது எப்படிச் சாப்பிடும் என்று ஒரு வேடிக்கையான எண்ணம் குறுக்கே ஓடியது. திலகவதி நகவெட்டியை எடுத்துக்கொண்டாள். ஆடி வெள்ளி. விளக்கு மாடத்தில் அம்மன் மஞ்சள் பூசி, எலுமிச்சை மாலை போட்டு, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயே, பார்த்துக்கொண்டிரு, உனக்கும் கையில் ஏகப்பட்ட ஆயுதம் இருக்கிறது, எதை எப்போது தீட்டினாய் என்று நான் கேட்டேனா?

வளைந்த நகத்துக்கும் சதைக்கும் நடுவில் நகவெட்டியின் வாயை நுழைப்பதற்குள் வியர்த்துவிட்டது. வளைவு திரும்புகிற இடத்தில், ரோஜா நிறம் முடிந்து வெகு தூரத்தில், ஒரே வெட்டு. டிக். பிறை மாதிரி ஒரு துண்டு புடவை மேல் விழுந்தது. பூனை திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான், பிறகு அந்த இடத்தை நிதானமாக நக்கியது. திலகவதி அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, விரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய், எல்லாம் செய்துபார்த்தாள். இதுவா? இத்தனூண்டு இதற்கா லால்குடி? அடுத்த விரலுக்குப் போனாள். டிக். அதற்கடுத்தது. டிக். ஊக்கு மாட்டுகிற வேலைதான், கை சொன்னபடி கேட்டது, இத்தனை வருஷம் சும்மா கிடந்த கை. கொஞ்சம் வெட்டினால் போதும் என்று படம் சொன்னது, கொஞ்சம்தான் வெட்டினாள். அந்தக் கால் முடிந்து மறுகாலும் வந்து, கடைசி விரலில்தான் புத்தி வேலை செய்யாமல் போனது. உயிருக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று ஓர் ஆசை, பார்க்கலாமே என்று. மயிரிழை கூடிப்போனது. பூனை ஒரு சத்தம் போட்டது. அதே சத்தம். காலை உதறியதில் பின்னங்கால் நகம் அவள் மணிக்கட்டில் நீளமாக இழுத்தது, பூனை மடியிலிருந்து குதித்தது, வெள்ளை டைல்ஸில் சிவப்பாகப் பொட்டு, அப்புறம் இன்னொரு பொட்டு.

ரத்தம். ஆடி வெள்ளியில் வீட்டுக்குள் ரத்தம். அவள் கை நேராகக் காப்பித்தூள் டப்பாவுக்குப் போய், மூடியைத் திறந்து, அள்ளியும்விட்டது. காயத்துக்கு ஏம்மா டிகாஷன். அப்படியே நின்றாள். பூனை நக்குமே. நக்கினால் உள்ளே போகுமே. காப்பி பூனைக்கு ஆகுமா ஆகாதா? எதுவும் தெரியவில்லை, ஆனால் தெரியவில்லை என்பது தெரிந்தது. தூளை டப்பாவிலேயே போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். கடை நேரத்தில் பவானியை அவள் கூப்பிட்டதே கிடையாது. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்ததும் பின்னால் ஒரே இரைச்சல், யாரோ ஒலிபெருக்கியில் ரெண்டு எடுத்தால் ஒண்ணு இலவசம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி? ஆளு வந்துட்டாங்களா?" பவானியின் குரல் கம்மியிருந்தது.

"இன்னும் வரல. ஏம்மா, நகம் வெட்டும்போது ரத்தம் வந்துட்டா என்ன வெக்கணும்?"

"யாருக்கு அண்ணி?"

"அதுக்குத்தான். பூந்திக்கு."

"நீங்களா வெட்டுனீங்க?" என்றாள் பவானி. பிறகு, "இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். அப்புறமா கேளு எல்லாம். ரத்தம் நிக்க மாட்டேங்குதும்மா."

"பயப்படாதீங்க. சூப்புக்கு வாங்குன சோளமாவு இருக்குல்ல, அதக் கொஞ்சம் எடுத்து நகத்து நுனில வெச்சு, சுத்தமான துணியால அழுத்திப் புடிங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, பாத்தா நிக்காது. மஞ்சள் கிஞ்சள் எதுவும் வேணாம், நக்கிரும். அப்படியும் நிக்கலேன்னா எனக்குக் கூப்பிடுங்க, டாக்டர்கிட்டத்தான் போகணும். உங்கள கீறிச்சா?"

"லேசா."

"சோப்புப் போட்டுக் கழுவுங்க அண்ணி, அதுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கு, இருந்தாலும் நாளைக்குக் காட்டிட்டு வந்துருவோம்." யாரோ, மேடம் பில்லு, மேடம் பில்லு என்றார்கள். "அண்ணி, நாலு மணிக்கு" என்று ஆரம்பித்தாள், லைன் போய்விட்டது.

பூனை விளக்கு மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை சுற்றிவளைக்கவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்து தூக்கி மடியில் வைத்தாள், அது வந்தது. ஏன் வந்தது? வலிக்கவைத்தவள் மடிக்கே எதற்கு வருகிறது? அதற்கு வேறு மடி தெரியவில்லையா, அல்லது வலியும் வலிக்கவைத்த கையும் வேறு வேறு என்று அதற்குத் தெரியுமா? மாவை வைத்துத் துணியால் அழுத்தினாள். பார்க்காதே என்றால் பார்க்கத்தானே தோன்றும். ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள், மறுபடி சிவப்பு. இனிமேல் பார்க்கக் கூடாது. சின்ன வயதில் தோசை வெந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தே கிழித்தவள், இன்றைக்காவது ஒரு காரியத்தைப் பார்க்காமல் விடு. அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலாகப் போகிறது. துணிக்கடியில் சின்னதாகத் துடித்தது, பூனையின் நாடியா தன் விரலின் நாடியா என்று பிரிக்க முடியவில்லை. எத்தனை வருஷமாகிறது ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து? அவளுக்கு அழுகை வந்தது. காரணம் தேடாமல் கொஞ்சம் அழுதாள். அப்புறம் துணியை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. பூனையைப் புடவை மேல் விட்டுவிட்டு, குழாயைத் திறந்து மணிக்கட்டில் சோப்புப் போட்டுக் கழுவினாள், எரிந்தது, எரியட்டும் என்று நல்ல நேரம் கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழைப்புமணி அடித்தது.

வாசலில் மில் ஆள் நின்றான். மீசையில் தவிடு, கையில் மடித்த சாக்கும் ஒரு சணல் கயிறும். "சார் சொன்னாருங்கம்மா, பூனை எடுத்துட்டுப் போகணும்னு. வண்டி கீழ நிக்குது." திலகவதி சாக்கைப் பார்த்தாள். இதற்குள்ளா? மூச்சு முட்டாதா? வாய் தன் பழக்கத்துக்கு ஆரம்பித்தது, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, உயிருள்ளதை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாதுன்னு பெரியவங்க. அது சுலபம். எந்தப் பெரியவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை, சனிக்கிழமைக்குப் பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்? இந்த ஆள் நாளைக்கும் வருவான், சாக்கும் வரும்.

"பூனை வராதுப்பா" என்றாள். "வண்டிய எடுத்துட்டுப் போயிரு."

அவன் தலையைச் சொறிந்தான். "சார்கிட்ட யாரு சொன்னாங்கன்னு சொல்றதும்மா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன்னு சொல்லு. அவங்க அக்கா, திலகவதி. எனக்கு அனுப்ப இஷ்டம் இல்லேன்னு சொல்லு."

அவன் சரிம்மா என்று சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். இவ்வளவு சுலபமாக இறங்கிவிட்டான். திலகவதி உள்ளே வந்து அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கீழே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது, அது தெருமுனை திரும்புவதற்குள் போன் அடித்தது. குணசேகரன். அடிக்க அடிக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்காமல் விட்டால் சாயந்திரம் நேரில் வருவான், வந்தால் சாப்பாடு போட வேண்டும், சாப்பாட்டின் நடுவில் எப்படிச் சொல்வது. எடுத்தாள்.

"ஆமாடா, நான்தான் சொன்னேன்" என்றாள், அவன் வாயைத் திறப்பதற்குள். "அதுக்கு நகம் வளைஞ்சு சதையில குத்திக்கிட்டு இருந்திருக்கு. அந்தக் கால்ல நீ மிதிச்ச, அதான் கீறுச்சு. பவானி வெட்டத்தான் வந்தா. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழமன்னு சொல்லி வெட்ட விடாம வெச்சது நான். இன்னிக்கு நானே முன்னங்கால் ரெண்டுலயும் வெட்டிட்டேன். உன் கால்ல இருக்கற காயம் என்னால வந்துது. அனுப்புறதா இருந்தா யாரை அனுப்பணுமோ அவங்கள அனுப்பு."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் ஹாலில் சுற்றிக்கொண்டு நின்றன, பிடித்து உள்ளே போட முடியாது. மறுமுனையில் தம்பியின் ஆபீஸில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. மூச்சுவிடுகிறானா? கோபமா? சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் மூக்கால் மூச்சுவிடுவான், இது வாயால் விடுவது போல் இருக்கிறது, வாயால் விட்டால் என்ன அர்த்தம்? பூனை எழுந்து, சோம்பல் முறித்து, நாலு காலையும் தரையில் ஊன்றித் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போயிற்று.

"ஏன்க்கா" என்றான் குணசேகரன் கடைசியில். "பின்னங்கால் நகத்தையும் வெட்டிட்டியா?"

"இல்லடா. பயந்துபோய் நிறுத்திட்டேன்."

"அதையும் வெட்டிரு" என்றான். "நான் வந்து புடிச்சுக்கறேன்."